"டன் என்ன ரேட்டு?" என்று மட்டும் கேட்டால் போதாது: உயர்வலிமை ஸ்டீல் பிளேட்டின் விலைக் கணக்கு

சிங்கப்பூரின் துவாஸ், பயனியர், குல் சர்க்கிள் பக்கத்து பேப்ரிகேஷன் யார்டுகளில் பர்ச்சேஸ் வேலைக்குப் புதிதாக வரும் நம் பையன்கள் அனேகமாக எல்லாரும் கேட்கும் கேள்வி: "அண்ணே, எஸ்690 இப்ப டன் என்ன ரேட்டு?" எஸ்690 என்பது உயர்வலிமை பிளேட்டில் ஒரு ரகம். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்க்க வேண்டும். சிராங்கூன் ரோட்டு நகைக்கடைப் பலகையில் 22 காரட் கிராம் விலை எழுதியிருக்கும், அந்த விலைக்கு யாரும் வளையல் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததில்லை. செய்கூலி, சேதாரம், மேலே ஜிஎஸ்டி என்று எல்லாம் ஏறிய பிறகுதான் பில். பிளேட்டிலும் பலகை விலை உண்டு, அதை பேஸ் பிரைஸ் என்பார்கள். சாதாரண பிளேட்டில் அந்த பேஸ்தான் பெரிய பங்கு. வலிமை ஏற ஏற, கனம் கூடக் கூட, 'எக்ஸ்ட்ரா' என்று தனித்தனியாகச் சேர்கிற தொகைகள் பேஸை எட்டிப் பிடிக்கத் தொடங்கும். அந்த எக்ஸ்ட்ராக்களில் பாதிக்கு மேல் ஆலை தானாகப் போடுவதில்லை, நாம் அனுப்பும் என்கொயரியில் நாமே ஒவ்வொரு வரியாக எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வது. வாங்குகிறவர்களில் பலர் கவனிக்காத இடம் இதுதான்.

முதலில் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். எஸ்355 என்பதில் எஸ் ஸ்டிரக்சுரலைக் குறிக்கிறது, 355 என்பது பிளேட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம், அதாவது ஈல்டு, சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று. இதெல்லாம் ஐரோப்பாவின் இஎன் 10025 தரத்தில் வருகிறது, இங்கேயும் யூரோகோடுக்கு, அதாவது ஐரோப்பியக் கட்டமைப்பு டிசைன் விதிகளுக்கு, மாறியதிலிருந்து பெரும்பாலும் அந்தப் பெயர்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. எஸ்275, எஸ்355, எஸ்460, எஸ்690 என்று படி ஏறும். அமெரிக்கக் கணக்கில் ஏ36, ஏ572 கிரேடு 50, ஏ514. கப்பல் வேலைக்கு ஏஎச்36, டிஎச்36, ஈஎச்36 என்று, கப்பலைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் பெயர்கள் தனி.

இங்கே முதல் பொறி தடிமனில் இருக்கிறது. எஸ்355 என்றால் எல்லாத் தடிமனிலும் 355 கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 16 மி.மீ. வரைக்கும்தான் 355, 40 வரை 345, 63 வரை 335, 80 வரை 325, 100 வரை 315 என்று இறங்கிக்கொண்டே போகும். பிளேட் தடிமனாக இருந்தால் உருட்டும்போது உள்வரை நசுங்குவதும் சீராகக் குளிர்வதும் குறைவு, அதனால் தரமே அந்தச் சலுகையைக் கொடுத்துவிடுகிறது. எஸ்690-இல் 50 மி.மீ. வரை 690, அதைத் தாண்டினால் 100 வரை 650, 150 வரை 630. டிசைன் செய்கிறவர் 50 போதும் என்ற இடத்தில் பாதுகாப்புக்காக 55 என்று போட்டால் எடை 10 சதவீதம் கூடுகிறது, வலிமையோ சுமார் 6 சதவீதம் இறங்குகிறது, தடிமனுக்கான எக்ஸ்ட்ராவும் அடுத்த படிக்குப் போகிறது. இந்த மாதிரி இடத்தில் கோட்டேஷன் கேட்கும் முன் எஞ்சினியருக்கு ஒரு போன் போடுவது எந்தப் பேரத்தையும் விட லாபம்.

அடுத்து எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகள். ஜேஆர், ஜே0, ஜே2, கே2 என்பவை எந்தக் குளிரில் பிளேட் கண்ணாடி மாதிரி உடையாமல் அடி தாங்கும் என்பதைச் சொல்கின்றன. சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்கும் சார்ப்பி டெஸ்டில் ஜேஆர் 20 டிகிரியில் 27 ஜூல், ஜே0 சுழியில் 27, ஜே2 மைனஸ் 20-இல் 27, கே2 அதே மைனஸ் 20-இல் 40 ஜூல். எஸ்690-இல் கியூ என்றால் மைனஸ் 20, கியூஎல் என்றால் மைனஸ் 40, கியூஎல்1 என்றால் மைனஸ் 60, மூன்றிலும் 30 ஜூல். சிங்கப்பூரில் விடியற்காலை அடைமழையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படியிருக்க இங்கேயே நிற்கப்போகும் ஒரு பிளாட்பாரத்துக்கு எதற்கு மைனஸ் 60? ஆனால் அதே யார்டில் கட்டி வட கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும் எண்ணெய் ரிக்குக்கு அது வேண்டும். ஆக பிளேட்டின் விலையை அது வெட்டப்படும் ஊரின் குளிர் தீர்மானிப்பதில்லை, போய்ச் சேரும் ஊரின் குளிர்தான் தீர்மானிக்கிறது. இதை வைத்துக்கொண்டு நாமாகவே எழுத்தைக் குறைத்துவிடவும் கூடாது, தடிமன் கூடினால், இழுவிசை அதிகமிருந்தால், வெப்பமான ஊரிலும் நல்ல இம்பாக்ட், அதாவது அடி தாங்கும் திறன், தேவைப்படும், அதற்கு யூரோகோடில் தனிப் பகுதியே உண்டு. கையெழுத்துப் போடும் பிஇ (புரொஃபஷனல் எஞ்சினியர்) சொல்ல வேண்டியது அது. நாம் செய்ய வேண்டியது, பழைய புராஜெக்ட்டின் விவரக்குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டி கியூஎல்1 என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்பது.

அப்புறம், வலிமை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் விலை புரியாது. வலிமை கூட்ட மூன்று வழி. ஒன்று நார்மலைசிங்: உருட்டிய பிளேட்டை 900 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் காற்றில் ஆற விடுவது, அல்லது உருட்டும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தியே அதே நிலைக்குக் கொண்டுவருவது, பெயரில் 'என்' என்ற ஆங்கில எழுத்து வரும். இரண்டாவது டிஎம்சிபி: நையோபியம் மாதிரி தனிமங்களைத் துளியளவு சேர்த்து, குறிப்பிட்ட வெப்பத்தில் உருட்டி, உருட்டியவுடன் தண்ணீரால் வேகமாகக் குளிர்விப்பது. ஜப்பானில் புக்குயாமா ஆலையில் 1980-இல் இந்த வேகக் குளிர்விப்பு முறை தொழிற்சாலை அளவில் ஓடத் தொடங்கியது, எஸ்460எம், எஸ்460எம்எல் எல்லாம் இந்த வழியில் வருபவை. கார்பன் குறைவாக வைத்தே வலிமை கிடைப்பதால் வெல்டருக்கு இது வரப்பிரசாதம். மூன்றாவது குவென்ச்சு-டெம்பர்: 900 டிகிரிக்குச் சூடாக்கி, உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்வித்து, மறுபடி 600 டிகிரி சுற்றுவட்டாரத்தில் சூடாக்கி நிதானப்படுத்துவது. எஸ்690 பெரும்பாலும் இப்படித்தான். இரண்டு முறை உலை, நடுவில் ஒரு குவென்ச்சு லைன், அதற்குப் பிறகு வளைந்த பிளேட்டை நேராக்கும் வேலை. இதைச் செய்யும் வசதி எல்லா ஆலைக்கும் கிடையாது. சுவீடனின் எஸ்எஸ்ஏபி, ஜெர்மனியின் டில்லிங்கர், ஜப்பானின் ஜேஎஃப்இ, நிப்பான் ஸ்டீல், கொரியாவின் போஸ்கோ, சீனாவில் சில பெரிய ஆலைகள் என்று எண்ணிவிடலாம்.

அதனால் பிளேட் சந்தை என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு சந்தை, இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதல் சந்தை ஏ36, எஸ்275, எஸ்355 வகை. இது கிட்டத்தட்ட மூலப்பொருளின் நிழல். ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 1.37 டன் இரும்புத்தாது, 0.78 டன் நிலக்கரி ஆகும் என்பது உலக எஃகுச் சங்கத்தின் கணக்கு. எனவே இரும்புத்தாதுவின் சீனத் துறைமுக விலையும் ஆஸ்திரேலியக் கோக்கிங் நிலக்கரி விலையும் நகர்ந்தால் சில வாரங்களில் நம் கோட்டேஷனும் நகரும். வேடிக்கை என்னவென்றால் இங்கே பிளேட் உருட்டும் ஆலை ஒன்றுகூடக் கிடையாது. 1961-இல் ஜூரோங்கில் தொடங்கிய நேட்ஸ்டீல் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலை. ஆனால் இரும்புத்தாது விலை பேரம் நடக்கும் உலகின் முக்கியமான இடங்களில் ஒன்று ஷென்டன் வேயில் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை 2009 ஏப்ரலிலேயே இரும்புத்தாதுவின் வருங்கால விலை மீதான ஸ்வாப் ஒப்பந்தங்களுக்குத் தீர்வு வசதி தொடங்கிவிட்டது. 2021 மே மாதம் தாது டன் 230 அமெரிக்க டாலரைத் தாண்டியது, அதே ஆண்டு நவம்பரில் 100-க்குக் கீழே வந்துவிட்டது. அந்த மே மாதத்தில் பயந்துபோய் ஆறு மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிக் குவித்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தினமும் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் விற்பவர் "விலை ஏறிக்கிட்டே இருக்கு சார், இன்னிக்கே கன்ஃபர்ம் பண்ணுங்க" என்னும்போது அது நிஜமா என்று பார்க்க ஓர் அளவுகோல் கையில் இருக்க வேண்டுமல்லவா.

இந்த முதல் சந்தையை ஆட்டி வைக்கும் இன்னொரு கை சீனாவின் ஏற்றுமதி. 2024-இல் சீனா 11 கோடி டன்னுக்கு மேல் எஃகு ஏற்றுமதி செய்தது, 2015-க்குப் பிறகு அதுவரை வந்ததில் அதுதான் அதிகம். மற்ற நாடுகள் கதவை மூடுகின்றன: அமெரிக்கா எஃகு இறக்குமதி மீதான 25 சதவீத வரியை 2025 ஜூனில் 50 ஆக்கியது, தென்கொரியா சீன ஹெவி பிளேட்டின் மீது 27.91 முதல் 38.02 சதவீதம் வரை தற்காலிகக் குவிப்புத் தடுப்பு (ஆன்ட்டி-டம்பிங்) வரி என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அங்கே நுழைய முடியாத சரக்கு வேறு துறைமுகம் தேடும். சிங்கப்பூரில் எஃகுக்குச் சுங்கவரி இல்லை, 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும்தான், பாதுகாக்க வேண்டிய உள்ளூர் பிளேட் ஆலையும் இல்லை. ஆகவே எங்கோ யாரோ வரி போட்டால் இங்கே எஸ்355 இறங்கும் வாய்ப்பு உண்டு. வாங்குகிறவருக்கு நல்லதுதான், ஆனால் யார்டு நிறையப் பழைய விலையில் ஸ்டாக் வைத்திருக்கும் ஸ்டாக்கிஸ்ட் அதை உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்.

சீன வரிச்சலுகையின் கதையில் வெல்டருக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. அலாய் ஸ்டீலுக்கு ஏற்றுமதிச் சலுகை உண்டு என்று இருந்த காலத்தில், 0.0008 சதவீதம் போரான் சேர்த்தாலே சுங்கக் கணக்கில் அது அலாய் ஆகிவிடும் என்பதால் சாதாரணப் பிளேட்டிலெல்லாம் போரானைத் தூவினார்கள். 2015 ஜனவரி 1 முதல் போரானுக்கான சலுகை போனது, அப்புறம் குரோமியம் சேர்க்கத் தொடங்கினார்கள். இதனால் பிளேட் கெட்டுவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் போரான் துளியிருந்தாலே வெல்டுக்குப் பக்கத்தில் கடினத்தன்மை கூடும், எழுதி வைத்த வெல்டிங் நடைமுறை அதைக் கணக்கில் எடுத்திருக்காது. எஸ்690-இல் போரான் இருப்பது இயல்பு, குவென்ச்சில் உள்வரை இறுகுவதற்கு வேண்டியே போடுகிறார்கள். எஸ்355 சர்டிபிகேட்டில் போரானைப் பார்த்தால் மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது சந்தை எஸ்690-உம் அதற்கு மேலும். இங்கே தாது விலையைவிட அலாய், உலை நேரம், ஆர்டர் வரிசை இவைதான் பேசும். வனேடியம் 2018 நவம்பரில் உச்சிக்குப் போனது, காரணம் சீனாவில் கட்டுமானக் கம்பிக்கான புதிய தரம் அந்த மாதம் அமலுக்கு வந்ததுதான்; நமக்கும் கம்பிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் வனேடியம் ஒன்றுதானே. நிக்கல் 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வர்த்தகத்தையே நிறுத்தி, நடந்த பேரங்களை ரத்து செய்தார்கள். மெல்லிய எஸ்690-இல் நிக்கல் பெரிதாக இருக்காது. கடலடியில் கால் ஊன்றி நிற்கும் ஜேக்-அப் ரிக்கின் கால்களில் பல்சக்கரம் ஏறும் ரேக் பிளேட் இருக்கிறதே, 127, 152, 178 மி.மீ. தடிமனில், நடுப்பகுதிவரை அந்த வலிமை வேண்டுமென்றால் நிக்கலும் மாலிப்டினமும் நன்றாகவே போட வேண்டும். சிங்கப்பூர் யார்டுகள் ரிக் கட்டிக் குவித்த காலத்தில் இந்தப் பிளேட்டுக்கு ஆலைகளில் வரிசையில் நின்றார்கள், 2014-இன் பின்பாதியில் எண்ணெய் விலை விழுந்ததும் ஆர்டர் நின்றது. அந்தச் சமயத்தில் எஸ்355 விலைக்கும் இந்தப் பிளேட் விலைக்கும் உள்ள இடைவெளியை இரும்புத்தாதுவை வைத்து யாராலும் விளக்க முடியாது, எண்ணெயை வைத்துத்தான் விளக்க முடியும்.

சரி, ஆலையிலிருந்து நேராக வாங்குவதா, இங்கே ஸ்டாக்கில் எடுப்பதா? ஆலையில் ஓர் உலை நிரம்பினால் நூறு, இருநூறு டன் என்று உருகும். உங்களுக்கு வேண்டியது விசேஷ ரசாயனக் கலவையில் 12 டன் என்றால், மிச்சத்தை யார் வாங்குவார்கள் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. ஆகவே ஒன்று குறைந்தபட்ச அளவு கேட்பார்கள், இல்லாவிட்டால் வேறு ஆர்டரோடு சேரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். உருட்டி, சோதித்து, பிரேக்-பல்க் (கன்டெய்னர் இல்லாமல் சரக்கை ஏற்றும்) கப்பலில் ஏற்றி ஜூரோங் துறைமுகத்தில் இறக்க மாதக் கணக்கில் ஆகும். ஸ்டாக்கிஸ்டிடம் நாளைக்கே லாரியில் ஏற்றலாம், அந்த நேரத்துக்கான காசைத்தான் அவர் கூடுதலாகக் கேட்கிறார். அது கொள்ளை இல்லை. சுங்கை காடுட்டிலோ துவாஸிலோ நிலவாடகை கொடுத்து, வங்கி வட்டி கட்டி, எட்டு விதத் தடிமனை யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் அடுக்கி வைத்திருக்கிறார். புராஜெக்ட்டில் ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு அபராதம் என்று பார்த்துவிட்டு அப்புறம் அவர் விலையைத் திட்டுங்கள்.

ஸ்டாக் பிளேட்டில் உண்மையான சேதாரம் அளவில்தான். இங்கே இன்னும் அடி கணக்கில் எட்டுக்கு இருபது என்பார்கள், அதாவது 2438-க்கு 6096 மி.மீ. எடை போடுவது எளிது: நீளம் மீட்டரில், அகலம் மீட்டரில், தடிமன் மி.மீ.-இல், மூன்றையும் பெருக்கி 7.85-ஆல் பெருக்கினால் கிலோ. 20 மி.மீ. எட்டுக்கு இருபது சுமார் 2,333 கிலோ. உங்கள் பாகங்கள் 1300 மி.மீ. அகலம் என்றால் அகலவாட்டில் ஒன்றுதான் வரும், கிட்டத்தட்ட பாதிப் பிளேட் துண்டாகத் தங்கும். டன் விலையில் 3 சதவீதம் பேசிக் குறைத்துவிட்டு நெஸ்டிங்கில், அதாவது பாகங்களைப் பிளேட்டில் அடுக்கி வெட்டுவதில், 30 சதவீதம் விடுகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். ஆலை ஆர்டராக இருந்தால் 2600 அகலத்தில் உருட்டச் சொல்லலாம், அகலத்துக்கு எக்ஸ்ட்ரா கொடுத்தாலும் மொத்தத்தில் மிச்சம்.

எடையிலேயே இன்னொன்று. பில் கணக்கு எடைக்கா, தராசு எடைக்கா? இஎன் 10029-இல் தடிமன் விலகலுக்கு ஏ, பி, சி, டி என்று வகுப்புகள் உண்டு. பி வகுப்பில் 0.3 மி.மீ. வரை குறையலாம், சி-யில் குறையவே கூடாது. ஆலை பி வகுப்பின் கீழ் எல்லையை ஒட்டியே உருட்டினால் 20 மி.மீ. பிளேட் 19.7 ஆக வரும், தரப்படி எந்தக் குறையும் இல்லை, ஆனால் கணக்கு எடையில் காசு கொடுத்தால் 100 டன்னுக்கு ஒன்றரை டன் இல்லாத இரும்புக்குக் கொடுத்திருக்கிறோம். இரண்டு கோட்டேஷனில் ஒன்று கணக்கு எடையாகவும் மற்றது தராசு எடையாகவும் இருந்தால் டன் விலையை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை.

சோதனை எக்ஸ்ட்ராக்கள் வேறு. பிளேட்டுக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கும் அல்ட்ராசோனிக், இஎன் 10160-இல் எஸ்0-இலிருந்து எஸ்3 வரை. தடிமன் வாக்கில் இழுத்தால் கிழியாமலிருக்க இசட்15, இசட்25, இசட்35. மற்றொரு பிளேட்டைச் செங்குத்தாக வெல்டு செய்து இழுக்கும் பேட்-ஐ (கொக்கி மாட்டித் தூக்கும் காது) மாதிரி இடத்தில் இசட்35 உயிர் காக்கும் விஷயம், தூணின் அடியில் வைக்கும் வெறும் பேஸ் பிளேட்டுக்கு அது தேவையே இல்லாமலும் போகலாம். மொத்த ஆர்டருக்கும் சேர்த்து இசட்35 என்று எழுதுவது எஞ்சினியருக்கு ஒரு வரி, உங்களுக்கு ஒவ்வொரு டன்னிலும் காசு. எந்தப் பாகத்துக்கு என்று பிரித்துக் கேட்டால் பெரும்பாலும் பிரித்தே கொடுப்பார்கள். சர்டிபிகேட்டிலும் அப்படித்தான்: 3.1 என்றால் ஆலையின் தரச்சோதனைப் பிரிவு கையெழுத்திட்டது, 3.2 என்றால் வெளியிலிருந்து டிஎன்வி, ஏபிஎஸ், லாய்ட்ஸ் மாதிரி ஒரு வகைப்பாட்டுச் சங்கத்தின் ஆய்வாளரும் சேர்ந்து கையெழுத்திட்டது. பிளேட் வந்து இறங்கிய பிறகு 3.1-ஐ 3.2 ஆக்கித் தரச் சொல்வது முடியாதென்று இல்லை, மறுபடி மாதிரி வெட்டி, சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, ஆய்வாளரை வரவழைத்து என்று செலவும் நாளும் போகும்.

இவ்வளவு காசு கொடுத்து உயர்வலிமை வாங்குவது எப்போது லாபம்? ஒரு கணக்குப் பார்ப்போம். நேர் இழுவையில் வேலை செய்யும் ஒரு பாகம், எஸ்355-இல் 40 மி.மீ. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 40-இல் ஈல்டு 345, ஆகவே அகலத்தில் ஒவ்வொரு மி.மீ.-க்கும் 13,800 நியூட்டன். எஸ்690-இல் அதே விசைக்கு 20 மி.மீ. போதும். எடை சரிபாதி. ஒரு பேச்சுக்கு எஸ்355 டன் 100 வெள்ளி, எஸ்690 டன் 170 வெள்ளி என்று வைத்தால், 100 வெள்ளி இரும்பு வேலையை 85 வெள்ளியில் முடிக்கிறோம், விலை இரண்டு மடங்கைத் தொடும்வரை பொருளளவில் நஷ்டமில்லை. அதோடு விளிம்பை வி வடிவில் வெட்டி வெல்டு செய்தால் நிரப்ப வேண்டிய பரப்பு தடிமனின் வர்க்கத்தோடு போவதால் கால்வாசி வெல்டுதான். லாரி, கிரேன் செலவிலும் இதன் எதிரொலி இருக்கும். ஸ்பிரெடர் பீம், கிரேன் பூம் இதிலெல்லாம் எஸ்690-ஐ விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எல்லா எஃகுக்கும் விறைப்பு ஒன்றே. எஸ்275 ஆனாலும் எஸ்690 ஆனாலும் யங்ஸ் மாடுலஸ் 210 கிகாபாஸ்கல்தான். தொய்வு கட்டுப்படுத்தும் உத்தரத்தில் மெல்லிய எஸ்690-ஐப் போட்டால் உடையாது, ஆனால் தொய்ந்துவிடும். நீளமான தூண் வளைந்து சரிவதிலும் பெரிய ஆதாயம் கிடையாது. வெல்டு இணைப்பில் மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் சோர்வுக்கும் யூரோகோடு வலிமையைப் பார்ப்பதில்லை, இணைப்பின் வடிவத்தைத்தான் பார்க்கிறது. இங்கே கட்டடங்களில் எஸ்355 சாதாரணமாகவும் கீழ்மாடித் தூண்களில் எஸ்460-உம் போதும் என்று இருப்பதற்கும், எஸ்690 யார்டு வேலைகளிலேயே சுற்றிக்கொண்டிருப்பதற்கும் இதுதான் காரணம். நடுவில் எஸ்460எம் ஒரு நல்ல பேரம் என்பது என் கருத்து, இருப்பு கிடைத்தால்.

வெல்டிங் செலவைச் சேர்க்காத கணக்கு கணக்கே இல்லை. வெல்டு செய்வது எவ்வளவு கடினம் என்று காட்டும் கார்பன் ஈக்விவலன்ட் என்ற எண்ணைச் சர்டிபிகேட்டிலிருந்தே போட்டுவிடலாம்: கார்பன் + மாங்கனீஸ்/6 + (குரோமியம் + மாலிப்டினம் + வனேடியம்)/5 + (நிக்கல் + தாமிரம்)/15. எஸ்355-க்கு 30 மி.மீ. வரை உச்ச வரம்பு 0.45, எஸ்690-க்கு 50 வரை 0.65. எண் கூடினால் பிரீஹீட், அதாவது வெல்டுக்கு முன் சூடாக்குவது, கூடும், குறைந்த ஹைட்ரஜன் எலெக்ட்ரோடு வேண்டும், எஸ்690-க்கு ஈ11018 வகை, அதை அடுப்பில் வைத்துக் காய்த்து எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும், இந்த ஊர் ஈரக் காற்றில் திறந்து போட்டால் வீண். ஹைட்ரஜன் விரிசல் தாமதமாக வரும் என்பதால் பல விவரக்குறிப்புகளில் வெல்டு முடிந்து 48 மணி நேரம் கழித்துத்தான் இறுதிச் சோதனை. அந்த இரண்டு நாள் பாகம் யார்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று, குவென்ச்சு-டெம்பர் பிளேட்டை டெம்பர் செய்த வெப்பத்துக்கு மேலே சூடாக்கி வளைத்தால் வாங்கிய வலிமை போய்விடும், காசு கொடுத்து எஸ்690 வாங்கி டார்ச்சால் அதை எஸ்-ஏதோவாக்கிய கதைதான். இரண்டு ஆலைகளின் எஸ்690 தரப்படி சமம் என்றாலும் ஒன்றின் கார்பன் ஈக்விவலன்ட் 0.48, மற்றது 0.62 என்றால், சில டாலர் கூடுதலாக இருந்தாலும் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். என்கொயரியிலேயே உச்ச வரம்பை எழுதிவிடுவது நல்லது.

கட்டட வேலையில் காகிதத்தின் விலை இன்னும் நேரடியாகத் தெரியும். கட்டட, கட்டுமான ஆணையத்தின் பிசி1 வழிகாட்டி 2008-இல் வந்தது, 2012-இல் திருத்தப்பட்டது. பிரிட்டிஷ், ஐரோப்பியத் தரம் அல்லாத சீன, ஜப்பானிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய எஃகை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்வது. சான்றுகளும் ஆலையின் தரக்கட்டுப்பாடும் சரியாக இருந்தால் முதல் வகுப்பு, கூடுதல் சோதனை செய்து நிரூபித்தால் இரண்டாவது, எதுவும் இல்லையென்றால் மூன்றாவது. மூன்றாவது வகுப்பில் டிசைன் வலிமை 170 நியூட்டன்தான். நீங்கள் எஸ்355 விலை கொடுத்து வாங்கிய பிளேட், சான்று சரியில்லை என்பதற்காகப் பாதி வலிமைக்கும் கீழே போய்விடுகிறது. அதனால் லாரி வந்தவுடன் பிளேட்டில் அடித்த ஹீட் நம்பரும் (எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) சர்டிபிகேட்டும் ஒன்றா என்று பார்க்காமல் டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் ஒரு துண்டு இழுத்துப் பார்ப்பது பெரிய செலவில்லை.

"ஈக்விவலன்ட்" என்று வரும் மாற்றுகளையும் கொஞ்சம் கவனியுங்கள். ஏ514-உம் எஸ்690கியூஎல்-உம் ஈல்டில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஏ514-இல் சார்ப்பி கட்டாயமில்லை, தனியாகக் கேட்டால்தான். அதைவிட மோசம் ஏஆர்400 மாதிரி தேய்மானம் தாங்கும் பிளேட்டை "இதுவும் ஹை-டென்சைல்தான்" என்று தள்ளிவிடுவது. அதில் ஆலை உத்தரவாதம் தருவது கடினத்தன்மைக்கு, ஈல்டுக்கும் இம்பாக்டுக்கும் அல்ல. டிப்பர் லாரியின் தளத்துக்குச் சரி, ஆள் தலைக்கு மேலே தூக்கும் பாகத்துக்கு வேண்டாம்.

கடைசியில் கோட்டேஷன்களை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்: உங்கள் யார்டு வாசலில், வெட்டிய நிலையில், சிங்கப்பூர் வெள்ளியில். எஃப்ஓபி விலையில் கப்பல் கூலி இல்லை, சிஎஃப்ஆர் விலையில் காப்பீடு இல்லை, இரண்டிலும் துறைமுகத்தில் இறக்கிய பிறகு லாரியில் ஏற்றி யார்டுக்குக் கொண்டுவரும் செலவு இல்லை. டாலர் கோட்டேஷனில் மாற்று விகிதம் யார் தலையில் என்று கேளுங்கள். விலை எத்தனை நாள் செல்லும், பகுதி பகுதியாக எடுத்தால் அதே விலையா, அல்ட்ராசோனிக்கில் தோற்ற பிளேட்டை மாற்றிக் கொடுக்க எத்தனை வாரம், வெட்டக் கொடுத்தால் துண்டு யாருடையது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். துண்டு உங்களுடையதென்றால் வெட்டுவதற்கு முன்பே ஹீட் நம்பரை அதன் மேல் மாற்றி அடிக்கச் சொல்லுங்கள், நம்பர் இருந்தால் அது அடுத்த வேலையின் ஸ்டிஃப்னர், இல்லாவிட்டால் எஸ்690 ஆனாலும் பழைய இரும்பு விலைதான்.